பத்து வயசுக் கெடு

சாத்தனேந்தல் மருதுபாண்டியைத் தாடியில்லாமல் பார்த்தவர்கள் ஊரில் குறைவு. இருபது வயதில் வளர்க்க ஆரம்பித்தவன், கல்யாணத்தன்றுகூட எடுக்கவில்லை. சாமிக்கு ஏதோ நேர்ந்திருக்கிறான் என்று பெண் வீட்டார் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நேர்த்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவனுக்குக் கீழ்த்தாடை முன்னால் நீண்டு, வாயை மூடினால் கீழ்ப்பல் வரிசை மேல்பல்லுக்கு வெளியே வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு 'அகப்பை' என்று பெயர். தாடி வந்த பிறகுதான் அந்தப் பெயர் போனது.

அவனுடைய அக்கா கருத்தம்மாளுக்கும் அதே தாடைதான். ஆணுக்குத் தாடி கைகொடுத்தது. அவளுக்கு முந்தானையைத் தவிர வேறு என்ன இருந்தது? ஐந்து தடவை பெண் பார்க்க வந்தார்கள். காபியைக் குடித்து, மிக்சரைத் தின்று, "ஊருக்குப் போய்ச் சொல்லிவிடுறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். கடைசியில் தொண்டிப் பக்கம் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போய்ச் சேர்ந்தாள்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் மருதுபாண்டி. அதனால்தான் அவன் செய்த காரியத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. தெரியாமல் செய்தான் என்று சொல்லித் தப்பிக்க அவனுக்கு வழியே இல்லை.

ஆள் கெட்டவன் கிடையாது. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நெல்லும், மேட்டில் கொஞ்சம் மிளகாயும் போடுகிறான். ஊரில் ஒரு சாவு என்றால் பந்தல்காரனுக்கு முன்னால் போய் நிற்பான். விதைப்பில் அவனை அடிக்க ஆளில்லை. அவன் விதைப்பெட்டியைத் தூக்கினால்தான் மற்றவர்களும் தூக்குவார்கள். குறை ஒன்றே ஒன்றுதான். ஒன்றைப் பிடித்துவிட்டான் என்றால் உடும்புப் பிடி. அது சரியா தப்பா என்ற கேள்வி அதன் பிறகு அவன் பக்கமே வராது.

கொரோனா ஓய்ந்து பள்ளிக்கூடம் திறந்த வருடம், பிள்ளைகளுக்குப் பல் பார்க்க ஒரு முகாம் நடந்தது. அவனுடைய ஒரே மகள் சத்யப்பிரியா அப்போது மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. முகாமில் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டை அவள் வீட்டில் கொண்டுவந்து நீட்டினாள். "தாடை வளர்ச்சி. உடனே சிறப்பு மருத்துவரைப் பார்க்கவும்" என்று அதில் இருந்தது. மருதுபாண்டி அதை இரண்டு முறை படித்தான். மறுநாளே மனைவி பாண்டியம்மாளையும் மகளையும் கூட்டிக்கொண்டு இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினான். அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தான்.

டாக்டர் சுலைகா படம் எடுத்துப் பார்த்தார். பிள்ளையைக் கடிக்கச் சொல்லி, திறக்கச் சொல்லி, பக்கவாட்டில் நிற்க வைத்துப் பார்த்தார்.

"கீழ்த்தாடை நீளம்னு நினைச்சு வந்திருக்கீங்க. இவளுக்கு மேல்தாடைதான் வளராம பின்னால நிக்குது. அதை முன்னால இழுத்துக் கொண்டுவரலாம். மேல்பல்லுல ஒரு பிளேட் ஒட்டுவோம். வெளிய, நெத்தியிலயும் நாடியிலயும் பதியிற மாதிரி ஒரு கம்பிச் சட்டம். ரெண்டையும் ரப்பர் போட்டு மாட்டணும். ஸ்கூல் விட்டு வந்ததும் போட்டா காலையில கழட்டலாம். ஒரு வருஷம் ஆகும்."

"வலிக்குமா?" என்று சத்யா கேட்டாள்.

"ஒரு வாரம் கடுக்கும். அப்புறம் நீயே மறந்துடுவே." டாக்டர் மருதுபாண்டி பக்கம் திரும்பினார். "இப்ப எலும்பு இளசு, சொன்னபடி கேக்கும். எட்டு ஒன்பதுதான் நல்ல வயசு. பத்து தாண்டிட்டா எனக்கு நம்பிக்கை குறைஞ்சிடும். அதுக்கப்புறம் இழுத்தா பல்லுதான் வரும், தாடை வராது. பதினெட்டு வயசு வரைக்கும் காத்திருந்து எலும்பை அறுத்து ஆபரேஷன் பண்ணணும். நீங்க விவசாயம்தானே? எப்ப விதைப்பீங்க?"

"ஆவணிக் கடைசியில புழுதியில வெதச்சிருவோம் டாக்டர். மழை விழுந்தப்பறம் வெதைக்கப் போனா ஒண்ணும் தேறாது."

"இதுவும் அப்படித்தான்."

மருதுபாண்டி தாடிக்குள் விரலை விட்டுக்கொண்டான். "டாக்டர், எனக்கும் சின்ன வயசுல இதச் செஞ்சிருக்கலாமா?"

"வந்திருந்தா செஞ்சிருக்கலாம். நீங்க வரல, அவ வந்திருக்கா."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து மகளுக்கு ஒரு பட்டர் பன் வாங்கிக் கொடுத்தான். அவள் அதை முன்பல்லால் கடிக்க முடியாமல், வழக்கம்போலத் தலையைச் சாய்த்துக் கடைவாயால் பிய்த்துத் தின்றாள். பணம் ஒரு தடையாக இல்லை. அந்த வருடம் மிளகாய் அவனைக் கைவிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாண்டியம்மாள் கேட்டாள். "ஏங்க, வார திங்கக்கெழமை அளவெடுக்கப் போயிருவமா?"

"கோயில் தெறக்கட்டும்" என்றான் மருதுபாண்டி.

பாண்டியம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கோயில் கதையையும் சொல்லிவிட வேண்டும். சாத்தனேந்தலில் அவர்கள் பங்காளிகளுக்கெல்லாம் ஒரு கருப்பர் கோயில். மாசி சிவராத்திரிக்குப் பூசை முடிந்ததும் மூத்த வீட்டாருக்குத்தான் முதலில் தலையில் பரிவட்டம் கட்டித் திருநீறு கொடுப்பார்கள். மூத்த வீடு எது என்பதில்தான் தகராறு. மருதுபாண்டியின் அய்யா, தாங்கள்தான் என்றார். இன்னொரு வீட்டுப் பங்காளி சேதுராசு, நாங்கள்தான் என்றார். சத்யாவுக்கு மூன்று வயதில் முடியிறக்கிக் காது குத்த நாள் பார்த்திருந்த சிவராத்திரி அன்று, பரிவட்டத் துணியை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். கல் பறந்தது. நாலு மண்டை உடைந்தது. அதிகாரிகள் வந்து கோயிலைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். வழக்கு மதுரைக்குப் போனது. அந்த ஏக்கத்திலேயே மருதுபாண்டியின் அய்யாவும் போய்ச்சேர்ந்தார்.

மற்ற வீட்டுக்காரர்கள் புத்தியோடு பிழைத்துக்கொண்டார்கள். கருப்பரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பழனியிலோ வேறு எங்கேயோ பிள்ளைகளுக்கு முடியிறக்கிக் காதைக் குத்திக் கூட்டிவந்துவிட்டார்கள். மருதுபாண்டி மட்டும் அசையவில்லை. எட்டு வயதில் அந்தப் பிள்ளை பிறந்த முடியோடும் மூளிக் காதோடும் பள்ளிக்கூடம் போய்வந்தாள்.

"காது குத்தாத பிள்ளை வாயில கம்பி ஏறக்கூடாது" என்றான். "மொதல்ல ஏறுறது கருப்பர் முன்னால, தாய்மாமன் மடியில வச்சு, பொன்னாத்தான் ஏறணும். முடி எறக்காத தலையில சட்டம் மாட்டுறதும் ஆகாது. எங்கய்யா சொல்லியிருக்காரு."

இப்படி ஒரு விதி அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

"அப்ப தடுப்பூசி போட்டமே, அது இரும்பில்லையா?" என்று கேட்டாள் பாண்டியம்மாள்.

"அது போயிட்டு வெளிய வந்துருது. இது தங்குறதுல்ல. ஏத்தா, இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. வார மாசிக்குள்ள கோயில் தெறந்துரும். தெறந்த மறுநாளு நானே கூட்டிட்டுப் போறேன்."

அவளாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். போயிருக்கலாம். ஆனால் அது நெற்றிக்கும் நாடிக்குமாக நிற்கிற சட்டம். விடிய விடிய அதே வீட்டில், அவன் கண் முன்னால்தான் பிள்ளை மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒருநாள் அவன் கழற்றி எறிந்தால் முடிந்தது கதை. பாண்டியம்மாள் வேறு ஒரு வழி தேடினாள். பாம்பனில் மீன்வண்டி ஓட்டும் தன் தம்பி யோகேஸ்வரனுக்குப் போன் போட்டு வரச்சொன்னாள். காது குத்த மடி கொடுக்க வேண்டிய தாய்மாமன் அவன்தான். அவன் பேச்சுக்காவது மரியாதை இருக்கும் என்று நம்பினாள்.

யோகேஸ்வரன் வந்தான். சாப்பிட உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தான். "மச்சான், என் மடியில வச்சு குத்த வேண்டிய காது. நானே சொல்றேன், பிள்ளைக்கு அந்தக் கம்பிய மாட்டுங்க. குத்தம் கொறன்னா கருப்பர்ட்ட நான் விழுந்து கும்பிட்டுக்கிறேன்."

"மாப்ள, தோடு ஒன்னோடது. சாமி எங்களோடது. அதுல நீ வராத."

யோகேஸ்வரன் சாப்பிடாமலேயே வண்டி ஏறிவிட்டான்.

வந்த மாசியிலும் கோயில் திறக்கவில்லை. சத்யாவுக்கு ஒன்பது முடிந்து நாலு மாதம் ஆனபோது, தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் என்று இரண்டு தரப்பையும் கூப்பிட்டார்கள். அன்று காலையில் பாண்டியம்மாள் அவனுக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்தபடி சொன்னாள். "எது சொன்னாலும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்துருங்க. அவுகளே கட்டிக்கிறட்டும் அந்தத் துணிய. நம்ம பிள்ளைக்காக." அவன் தலையை ஆட்டினான். ஆட்டியபோது மனதாரத்தான் ஆட்டினான்.

கூட்டத்தில் சேதுராசே இறங்கி வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, இந்த அலைச்சல் போதும் என்றிருந்தது. "தம்பி மருது, ஒரு வருசம் எனக்குக் கட்டட்டும், ஒரு வருசம் ஒனக்குக் கட்டட்டும். வயசுல மூத்தவன், மொத வருசம் எனக்கு விடு. இன்னக்கே பூட்ட எடுத்துருவாக" என்றார்.

அதிகாரி தாளை நகர்த்தினார். சேதுராசு கையெழுத்துப் போட்டார். பேனா மருதுபாண்டி கைக்கு வந்தது. அவனும் குனிந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து, சேதுராசு பக்கத்து இளவட்டம் ஒன்று பின்னால் நின்று சிரித்தது. "அவுகய்யா இருந்தா போட்டிருக்க மாட்டாரு. மகன் போடுறாரு பாரு."

"ஏலே, சும்மா இருலே" என்று சேதுராசு அதட்டினார். ஆனால் சொல் விழுந்துவிட்டது.

மருதுபாண்டி பேனாவைப் பிடித்தபடியே நின்றான். அந்த நேரத்தில் அவனுக்கு மகளின் ஞாபகம் வரவில்லை என்றால்கூட மன்னித்துவிடலாம். வந்தது. தலையைச் சாய்த்துக் கடைவாயால் பன்னைப் பிய்க்கிற முகம் அப்படியே வந்தது. டாக்டர் சொன்ன வயதும் வந்தது. பத்துக்கு இன்னும் எட்டு மாதம் என்று மாதக்கணக்குக்கூட வந்தது. வந்தும் அவன் பேனாவை மேசைமேல் வைத்தான்.

"பங்கு போட்டு வாங்குறதுக்கு அது பரிவட்டம் இல்ல, துண்டு. கோர்ட்டு சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

வீட்டில் பாண்டியம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "அவுக ஒத்து வரல" என்றான்.

மறுநாள் நூறு நாள் வேலையில் நின்றபோது, நடந்தது நடந்தபடி அவள் காதுக்கு வந்துவிட்டது. சேதுராசின் மருமகளே சொன்னாள். பாண்டியம்மாள் வீட்டுக்கு வந்து சண்டை போடவில்லை. சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், எழுந்து போனாள். அதன் பிறகு அவனோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். ஒருவேளை ஏதாவது நடந்திருக்கும். பேசாமலிருந்தது அவனுக்கு வசதியாகப் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பத்தாவது பிறந்தநாளுக்கு சத்யாவுக்கு ரோஸ் கலரில் கவுன் எடுத்தார்கள். போட்டோ எடுக்கும்போது அவள் கீழுதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நின்றாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சிரிக்கும்போது கையைக் கொண்டுபோய் வாயை மூட ஆரம்பித்தாள். பிறகு சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் அவளை 'அகப்பை' என்று கூப்பிட்டான். அந்தப் பெயரை அவனுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? முகத்தைப் பார்த்தால் தானாகவே வருகிற பெயர்தான் அது. அவள் வீட்டுக்கு வந்து அய்யாவிடம் சொன்னாள். மருதுபாண்டி எழுந்து வயலுக்குப் போய்விட்டான்.

தீர்ப்பு வந்தபோது சத்யாவுக்குப் பதினொன்று நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு ரொம்பச் சின்னது. கோயிலைத் திறக்கலாம். பூசை நடத்தலாம். பரிவட்டம் யாருக்கும் கிடையாது. முதல் திருநீறும் யாருக்கும் கிடையாது. எல்லோரும் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியது.

இதற்குத்தான் எட்டு வருடம். சிவராத்திரி அன்று மருதுபாண்டி வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் செல்போன் கடை வைத்திருக்கிற பையன் ஒருவன், பின்னால் சேதுராசு. பூசாரி அந்த மூன்று பேர் நெற்றியிலும் ஒரே மாதிரி திருநீற்றைப் பூசிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் சத்யாவுக்கு முடியிறக்கினார்கள். பதினொரு வருடத்து முடி, இடுப்பு வரைக்கும் இருந்தது. அவளிடம் பார்க்கிறவர்கள் அழகு என்று சொன்ன ஒன்றே ஒன்று அதுதான். "வேண்டாம்யா, வேண்டாம்யா" என்று அழுதாள். முடி போனதும், மொட்டைத் தலைக்குக் கீழே அந்தத் தாடை மட்டும் தனியாகத் தெரிந்தது. பந்தலில் இருந்தவர்கள் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிப் பேச்சை மாற்றினார்கள். காது குத்த யோகேஸ்வரன் மடி கொடுத்தான். மூன்று வயதுப் பிள்ளை உட்கார வேண்டிய மடியில், மாமன் தோள் உயரத்துக்கு வளர்ந்தவள் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். யோகேஸ்வரன் அவள் முகத்தைப் பார்க்காமல் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தொண்டியிலிருந்து கருத்தம்மாள் வந்திருந்தாள். மருமகளை ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிறாள். பார்த்தவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பந்தலுக்கு வெளியே போய்விட்டாள். மருதுபாண்டி பின்னாலேயே போனான்.

"ஏலே மருது, எனக்கு அப்ப யாரும் சொல்லலடா. இப்பிடி ஒரு வைத்தியம் இருக்குன்னு சொல்ல நாதியில்ல" என்றாள். "ஒனக்குச் சொன்னாகள்ல?"

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலக்கா. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

சொன்னபடி மறுநாளே போனார்கள். அந்த வாக்கை மட்டும் அவன் காப்பாற்றினான்.

டாக்டர் சுலைகா பழைய சீட்டைப் பார்த்தார். முகத்தையும், எலும்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க மணிக்கட்டையும் படம் எடுக்கச் சொன்னார். படங்களை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பேசும்போது குரல் தணிந்திருந்தது.

"வளர்ச்சி வேகமா நடந்திருக்கு. கீழ்த்தாடை இன்னும் முன்னால வந்திருக்கு. இன்னும் கொஞ்ச மாசத்துல வயசுக்கு வந்துடுவா. இப்ப அந்தச் சட்டத்தை மாட்டினா பல்லு மட்டும் சாயும். பிள்ளைக்குக் கஷ்டம்தான் மிச்சம். பதினெட்டு வயசு வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் ஆபரேஷன்தான்."

"வேற ஒண்ணும் செய்ய முடியாதா டாக்டர்?"

"அப்ப முடிஞ்சிருக்கும். மூணு வருஷம் முன்னாடி வந்திருக்கீங்க. தேதி போட்டு எழுதியிருக்கேன். ஏன் வரல?"

மருதுபாண்டி மனைவியைப் பார்த்தான். "நீங்களே சொல்லுங்க" என்றாள் பாண்டியம்மாள்.

"கோயில் பூட்டிக் கெடந்துச்சு டாக்டர்."

டாக்டருக்குப் புரியவில்லை. கோயிலுக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வந்தவர், பிள்ளை அங்கே இருப்பதைப் பார்த்துக் கேட்காமல் விட்டுவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் பாண்டியம்மாள் தனியாக முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பின்னால் சன்னலோரம் சத்யா, பக்கத்தில் மருதுபாண்டி. மொட்டைத் தலையில் ஷாலைச் சுற்றியிருந்தாள். புதுத் தோடு குத்திய காது சிவந்து வீங்கியிருந்தது. தேவிபட்டினம் தாண்டியதும் அவனைக் கூப்பிட்டாள்.

"அய்யா."

"என்னத்தா."

"கோயில் பூட்டாம இருந்திருந்தா எனக்குச் சரியாயிருக்குமா?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தான். டாக்டர் இவள் முன்னால்தான் எல்லாம் சொன்னார். "ஆமாத்தா" என்றான்.

"யாருய்யா பூட்டுனது?"

முன் சீட்டில் பாண்டியம்மாளின் தலை அசையாமல் நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. மேசைமேல் வைத்த பேனா அவனுக்கு ஞாபகம் வந்தது. இப்போது சொல்லிவிட்டால் மகள் தன்னை என்ன பார்வை பார்ப்பாள் என்றும் தெரிந்தது.

"ஆபீசருக" என்றான்.

சத்யா கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். பிறகு திரும்பி, கோபமே இல்லாமல், ரொம்ப யோசித்துச் சொல்வதுபோலச் சொன்னாள். "பூட்டுனவுகளுக்கும் ஒரு பிள்ளை இருக்கும்லய்யா? அந்தப் பிள்ளைக்கும் இப்பிடியே வரணும். அதப் பாத்துப் பாத்து அவுக அழுகணும்."

"அப்பிடியெல்லாம் சொல்லக்கூடாதுத்தா" என்று மருதுபாண்டி அவள் தலையில் கை வைத்தான்.

"ஏன் சொல்லக்கூடாது?" என்று கேட்டாள் சத்யா.

பாண்டியம்மாள் சீட்டில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, அவன் என்ன சொல்லப் போகிறான் என்று பார்த்தாள். அவன் மகள் தலையிலிருந்து கையை எடுத்து, தாடிக்குள் விரலை விட்டுக்கொண்டான்.